சேகர் அண்ணன் வீட்டு டேபிள்

14.03.2006, செவ்வாய். காலை 6.20. மூன்று மிஸ்டு கால். நாலாவதைத்தான் எடுத்தேன்.

"ஸ்பேனர் செட்ட எடுத்துட்டு வாப்பா. டேபிள கழட்டணும்." சேகர் அண்ணனின் மச்சான்.

நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் படுத்திருந்தேன். "காலங்காத்தால டேபிள எதுக்குங்க கழட்டணும்?" என்று கத்தினேன்.

"ஐஸ் பெட்டி வைக்க எடம் இல்லப்பா..."

யாருக்கு என்று கேட்டேன்.

சேகர் அண்ணன் போய்விட்டார். எங்கள் உப்பு பேக்கிங் பிளான்ட் எலக்ட்ரீஷியன். நாற்பத்திரண்டு வயது. ராத்திரி நெஞ்சு வலி என்று பாண்டிச்சேரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். கீழ்புத்துப்பட்டு தாண்டும்போதே முடிந்துவிட்டதாம்.

பிளான்ட்டில் இருந்தவர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். மரக்காணம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட என்னை அனுப்பினார்கள். கலர் இங்க் தீர்ந்துவிட்டது, கடைக்காரர் வாங்கப் போயிருக்கிறார்.

அந்த டேபிளைப் பற்றி...

ECR-இல் பைக்கோடு விழுந்ததிலிருந்து அண்ணனுக்கு வலது முட்டி மடங்காது. அண்ணியும் இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவர் மட்டும் சேரில், மடியில் தட்டு.

"நான் மேல, அவங்க கீழ... கோர்ட்டு ஜட்ஜு மாதிரி இருக்குதுடா. ரசம் கேட்டாகூட தீர்ப்பு சொல்ற மாதிரி இருக்குது. ஒரு டேபிள் போட்டுடலாம், நீ வா."

போன வருஷம் மழையில் ஆரம்பித்தோம். உப்பு ஏற்றி ஏற்றிக் கழித்துப் போட்ட லாரியின் பாடிப் பலகைகள் மேலே. காலுக்குப் பழைய பனங்கட்டை. எவ்வளவு இழைத்தும் சமமாகவில்லை, டம்ளர் வைத்தால் ஆடும். வெளியே விடாத மழை. அதனால் ஹாலிலேயே வைத்துப் பூட்டினோம்.

"அண்ணே, வாசல் நிலை இருபத்தெட்டு இன்ச். டேபிள் அகலம், உயரம் ரெண்டுமே முப்பது. கழட்டாம வெளிய வராது" என்று முதல் நாளே சொன்னேன்.

"எதுக்குடா வெளிய வரணும்? வூட்ல ரெண்டு பொண்ணு இருக்குது, அதுங்கதான் ஒருநாள் வெளிய போகும். இதாவது இங்கயே கெடக்கட்டும்."

எதற்கும் இருக்கட்டும் என்று ஆணி அடிக்காமல் போல்ட் போட்டேன். அவர் முட்டியில் இடிக்கக்கூடாது என்று நட்டை மரத்துக்குள் புதைத்தேன்.

வார்னிஷ் நிற்கவே இல்லை. பலகையில் அவ்வளவு உப்பு... ஈரக்காற்று அடித்தால் டேபிள் வேர்க்கும். சின்னவள் தேவி அதை விரலால் தொட்டு நக்கிவிட்டு, "அம்மா, கொழம்புல உப்பு கம்மி. டேபிள்ல கரெக்ட்டா இருக்குது" என்பாள்.

ஒருநாள் அதைக் கேட்டுச் சிரித்து அண்ணனுக்குப் புரை ஏறிவிட்டது. அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் தலையில் தட்டினார். எழுந்து வர வேண்டியிருக்கவில்லை.

இப்போது பிரிண்டுக்குக் கொடுத்திருக்கும் போட்டோ அன்றைக்கு எடுத்ததுதான். வேறு நல்ல போட்டோ கிடைக்கவில்லை. "முன்னாடி தட்டு தெரியுதே, கட் பண்ணிடவா?" என்று கடைக்காரர் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

காலையில் போய் ஸ்பேனர் போட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன். சுத்தியலால் அடித்தேன். ஒரு நட்டுகூட நகரவில்லை. உப்பில் துருவேறி, போல்ட்டும் நட்டும் ஒட்டிப் போய்விட்டன. மேலே இருந்தால் பிளேடு வைத்து அறுக்கலாம். புதைத்து வைத்ததை எங்கே அறுப்பது...

அண்ணன் தெருவில் இருக்கிறார். ஷாமியானாவுக்குக் கீழே, ஐஸ் பெட்டியில். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறார்கள்.

"சொந்த வூடு இருக்கசொல்ல எம்புள்ளய தெருவுல போட்டுட்டீங்களேடா..." அவருடைய அம்மா அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

மச்சான் பொறுக்கமுடியாமல் கோடாலியோடு வந்துவிட்டார். "தள்ளுங்கப்பா, ஒடைச்சிப் போடலாம். லாரிப் பலகைக்கா இவ்ளோ நேரம்?"

அண்ணி குறுக்கே வந்தார். டேபிள் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கோடாலி வேணாண்ணா. தம்பி, நீ வெட்டு. திரும்ப மாட்டற மாதிரி வெட்டு."

சரி அண்ணி என்றேன். பழைய பனையை அறுத்தால் நார் நாராகப் பிரியும். ஒட்டாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

தேவி தெருமுனை வரை என் பின்னாலேயே வந்தாள்.

"சித்தப்பா, அப்பா உக்கார்ற பக்கத்த மட்டும் வெட்டு. நாங்க மூணு பேரும் இந்தப் பக்கமா உக்காந்துக்கறோம்."

ரம்பம் வாங்கிட்டு வரேன்மா, வீட்டுக்குப் போ... என்றேன்.

இங்க் வந்துவிட்டது. அண்ணனை எடுப்பது சாயந்திரம் நாலு மணிக்கு. வர முடிந்தவர்கள் வாருங்கள். இனி நான் செய்ய வேண்டியது:

1. போட்டோ வாங்க வேண்டும். தட்டு இருக்கட்டும், கட் பண்ண வேண்டாம்.

2. ரம்பம். பொடிப் பல் வைத்ததாக.

3. நாலு காலிலும் கோடு போட்டு, எது எந்த மூலை என்று எழுதி, அறுக்க வேண்டும். யாரையும் தொடவிடக் கூடாது.

4. திரும்ப மாட்டுவது... தெரியவில்லை.

5. பலகையை வெளியே எடுத்ததும் பெட்டியைத் தூக்க வேண்டும். உள்ள வாங்கண்ணே.