விழ மறுத்த அரக்கன்

தெர்மகோலில் வெட்டிய கோரைப்பற்களை உதட்டுக்குள் செருகியதும் சூரைமீன் வாடை மூக்கில் ஏறும். ஹேடோ துறைமுகத்தில் மீன் இறக்கிப் போட்ட பெட்டிகளை உடைத்துத்தான் எங்கள் குடியிருப்பின் பங்குனித் திருவிழா நாடகத்துக்குப் பற்கள் செய்வார்கள். கிரீடமும் வில்லும் இளவரசனின் ஜிகினா உடையும் "மெயின்லேண்ட்"டிலிருந்து கப்பலில் வரும். அரக்கனுக்கு இந்தப் பற்கள் போதும்.

அரக்கன் வேடம் எங்கள் வீட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது. கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாக இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர். அவர் வழியில் வந்த நாங்கள் "லோக்கல் பார்ன்". பின்னால் உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் வந்த தமிழர்கள் தேவர்களாகவும் முனிவர்களாகவும் நடித்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா வருடாவருடம் அம்பு பட்டு விழுந்தார். அவருக்கு முதுகு பிசகியதும், எட்டாம் வகுப்பிலிருந்த என்னிடம் பற்கள் வந்து சேர்ந்தன.

நாடகத்தை எழுதி நடத்தியவர் காண்ட்ராக்டர் செல்வராஜ் அங்கிள். இளவரசன் அவர் மகன் விக்னேஷ். சாகும்போது அரக்கன் சொல்லவேண்டிய வரி, "என் குலத்தின் குற்றமே என்னைக் கொன்றது." அது எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. பள்ளி நூலகத்தில் இருந்த காவியக் கதைகளையெல்லாம் நான் விழுங்கிக்கொண்டிருந்த வருடம் அது. அரக்கன் தவம் செய்கிறான், வரம் வாங்குகிறான், அந்த வரத்தை வைத்து ஊரைக் காப்பதா கொளுத்துவதா என்று அவனே தீர்மானிக்கிறான். அவன் கூடப்பிறந்தவனோ எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறான். இதில் ரத்தம் எங்கே வந்தது? ஒத்திகையில் கேட்டேவிட்டேன்.

"அரே, அரக்கன் வயித்துல பொறந்தா அரக்கன்தாம்மா," என்றார் செல்வராஜ் அங்கிள். "உங்க வீட்டு ரத்தத்துல இல்லாததா? மேக்கப் செலவே மிச்சம்!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற அப்பாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லிச் சொல்லி அந்த வரியை அவர் நம்பியே விட்டார். அவர் காதுபட அதை நான் சொல்லப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்; செல்வராஜ் அங்கிளையும் மகனையும் பார்த்து ஊர் சிரிக்கவேண்டும் என்றும்.

திருவிழா மாலையில் வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், மலையாளிகள் என்று மைதானம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அப்பா. விக்னேஷ் விட்ட அம்பு என் மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. நான் விழவில்லை. "குலத்தை இழுக்காதே! செய்ததெல்லாம் நானே யோசித்துச் செய்தது!" என்று முழங்கினேன்.

"விழுடி, பாகல்! பைத்தியம்!" என்று பல்லைக் கடித்தான் விக்னேஷ்.

குனிந்து அம்பை எடுத்து, மிகவும் பணிவாக, அவன் கையிலேயே கொடுத்தேன். தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. "ஃபிர் ஸே! ஃபிர் ஸே!" என்று இன்னொரு தடவை கேட்டு மைதானம் கத்தியது. மறுபடி விட்டான்; மறுபடி எடுத்துக் கொடுத்தேன். ஜிகினா உடைக்குள் அவன் தேம்ப ஆரம்பித்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, எந்தப் பரிசு வாங்கியும் பிறகு அது வாய்த்ததில்லை. அவசரமாகத் திரையை இழுத்து மூடினார்கள்.

செல்வராஜ் அங்கிள் நேராக அப்பாவிடம் பாய்ந்தார். "பாத்தியா முருகேசா? நான் சொன்னேன்ல, ரத்தம்!"

நான் பற்களைக் கழற்றினேன். "இல்ல அங்கிள். இது நானா செஞ்சது. அப்பாவுக்கு இதுல பங்கே இல்ல."

அப்பா இந்த முறை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் அரக்கனுக்கு வேற வீடு பாருங்கண்ணே," என்றார்.

வேறு வீடு கிடைக்கவில்லை. தன் பிள்ளைக்கு அந்த வேடம் வேண்டுமென்று யாரும் வரவில்லை. நாடகம் அதோடு நின்றது. மைதானத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன, விக்னேஷ் சென்னைக்கே போய்விட்டான். டெய்ரி ஃபார்ம் பகுதித் தெருவில் எப்போதாவது எதிரே வரும் செல்வராஜ் அங்கிள், தளர்ந்த குரலில், "பழசெல்லாம் மறந்துடும்மா," என்கிறார். மறப்பதும் மறக்காததும் என் இஷ்டம்தான். மறக்கவில்லை.