செல்வி வாங்காத மாஸ்க்

ஷிப்ட் பஸ்ஸில் டிரைவர் தன்னிடம் அத்துமீறியதைப் பற்றி, பென்னலூர் பஸ் ஸ்டாப்பில் நாங்கள் நடத்திய கூட்டத்தில் செல்வி பேச வந்திருந்தாள். செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை செய்கிற பெண். பாதிக்கப்பட்டவர்களைப் பேசவைக்கும் எங்கள் குழுவின் வழக்கப்படி, முகத்தை மறைத்துக்கொள்ள ஒரு மாஸ்க்கை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“லைன்ல நாள் பூரா இதப் போட்டுகினுதான்க்கா கீறேன். செல்போன் போர்டுல தூசி வுழக்கூடாதுன்னு போடுறோம். இங்க இன்னாத்துக்கு? தோ, டீக்கடையில அவனே மூஞ்சிய மூடாமதான கீறான்!”

மைக்கை வாங்கி முதலில் தன் பெயரைச் சொன்னாள். பிறகு அவன் பெயரை. கூட்டம் மொத்தமும் டீக்கடைப் பக்கம் திரும்பியது. அவன் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு, அவசரமாகத் தன் பைக்கில் இருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று இப்போது யாராவது சொன்னால், யாருடைய மானம் என்று கேட்கிறேன்.