டீச்சரம்மா கொண்டுவந்த சைவ ரொட்டி

தோழிகளே, இன்று காலை நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மிஷன் பள்ளி டீச்சரம்மா ஒரு மூடிய சட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கிறிஸ்துமஸுக்குக் கோழிக்கறியோடு அவர்கள் வீட்டில் வைக்கும், ரொட்டியைப் பிய்த்துப் பிசைந்த கலவையாம். எங்களுக்காகச் சைவமாக மாற்றி, சட்டிக்கு மேலும் கீழும் நெருப்புக் கங்கு போட்டுச் சுட்டிருந்தார்.

அம்மா முகர்ந்து பார்த்தாள். "மஞ்சளா இருக்கே. முட்டையா?"

"மஞ்சப் பூசணிதான் அக்கா. தேங்காப்பால்ல வெந்தது."

"கோழி வச்ச சட்டிதான?"

"உங்களுக்குன்னே புதுச்சட்டி வாங்கினேன்."

அம்மா ஒரு துண்டு தின்றாள். இன்னொன்றும் எடுத்துக்கொண்டு என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். "ஏட்டி, புதுச்சட்டி வாங்கியிருக்கா. சும்மாவா செய்வா? என்னமோ கேக்கப் போறா."

கேட்டார். "நல்லாப் படிக்கிற பிள்ளை. வயசுக்கு வந்துட்டாள்னு படிப்ப நிறுத்திட்டீங்க. திரும்ப அனுப்புங்கக்கா."

எனக்குப் போக அவ்வளவு ஆசை. ஆனால் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா நிதானமாக மென்று விழுங்கினாள். "இவ அப்பாட்ட கேட்டுச் சொல்லுதேன்."

அம்மா எந்த விஷயத்தையும் அப்பாவிடம் கேட்டு நான் பார்த்ததே இல்லை. இது சம்மதமா, சாக்கா? உங்கள் அம்மாக்களை வைத்து யோசித்துச் சொல்லுங்கள்.