பொன்னாடைக்குக் கை தட்டியவர்களுக்கு

இன்று காலை சிலிபினில், எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். கட்சிக் கிளைத் தலைவருக்கு வழக்கம்போல் பொன்னாடை. பள்ளியில் படிவம் மூன்று தேர்வில் என்னைப் பார்த்து எழுதித் தேறியவர்.

இளம் ஆசிரியர் குமரன் எழுந்து, சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்த அனுமதி கேட்டார். யார் சொன்னாலும் ஏன் என்று கேட்டு, யோசித்து, பிறகு நம்பப் பழக்கும் வகுப்பு.

தலைவர் மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி வந்தார். "இப்பவே கேள்வி கேக்கப் பழக்குனா, நாளைக்கு ஓட்டு கேட்டு வாரப்ப எங்களையே கேப்பானுங்க லா."

"கேக்கட்டுமே அண்ணே. பதில் இருந்தா சொல்லுங்க."

தலைவர் மைக்காலேயே குமரனின் வாயில் அடித்தார். அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. குமரனின் சட்டையெல்லாம் ரத்தம்.

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், தலைவரின் மண்டையைப் பிளக்கத்தான். நான்கு பேர் என்னைத் தரையில் அழுத்தினார்கள். அவரை ஒருவரும் பிடிக்கவில்லை.

சங்கச் செயலாளர், கீழே விழுந்த பொன்னாடையை உதறி மறுபடியும் அவருக்குப் போர்த்தினார். போர்த்தினால் கை தட்டுவது நம் பழக்கம். தட்டினார்கள்.

குமரனுக்கு உதட்டில் தையல். வகுப்பு வேண்டாமென்று முடிவாகிவிட்டது.

தட்டியவர்கள் பலர் இங்கே முகநூலிலும் என் நண்பர்கள்தான். எதற்காகத் தட்டினீர்கள் என்று கீழே எழுதுங்கள். வகுப்பு இல்லாததால் நானே கேட்க வேண்டியிருக்கிறது.