முள் என்னிடம் இருந்தது

அந்த ரெக்கார்டு பெட்டியை நான்தான் வாங்கினேன். யாரும் எனக்கு வாங்கித் தரவில்லை. யாரையும் கேட்டுக்கொண்டும் வாங்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால், "அக்காவுக்குத் தம்பி வாங்கிக் கொடுத்தது" என்று சொந்தக்காரர்கள் நடுவில் கதை இப்போது மெல்ல மாறிக்கொண்டு வருகிறது.

மங்கலம்பேட்டைக்கு ஒரு துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் வரவில்லை. வெயிலுக்குப் பயந்து ஒரு காயலான் கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். உள்ளே உடைந்த மிக்சிகளுக்கு நடுவில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. அதன் வட்டத் தட்டின் மேல் கடைக்காரர் போல்ட்டும் நட்டும் கொட்டி வைத்திருந்தார். முள்ளைத் தாங்கும் பாட்டுக் கையை மடக்கி ஒரு சணல் கயிற்றால் கட்டியிருந்தது. எனக்கு அது என்னவென்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

பொதுவாக நான் கடையில் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"பாய், இது பாடுமா?"

"எடைக்குக் கெடக்குதும்மா அது. ஒரு வூட்ட இடிச்சிக் கட்டறாங்க, அங்கிருந்து வந்துது. உங்களுக்கு எதுக்கு, வெங்காயம் கொட்டி வைக்கவா?"

"இல்ல. பாட்டு கேக்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வூட்ல ஆம்பளைங்க யாராச்சும் வந்து பாப்பாங்களா?"

"நான்தான் வந்திருக்கேனே."

அவர் நட்டுகளை ஒரு டப்பாவில் வழித்துப் போட்டுவிட்டு, பெட்டியைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். கூடவே வந்த சில ரெக்கார்டுகளையும் "இதுங்களயும் எடுத்துட்டுப் போங்க, எனக்கு எடத்த அடைக்குது" என்று மேலே வைத்தார். பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, "என்னாம்மா, கோழியா?" என்றார். கோழி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எதற்காக வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது நல்லூர்ப் பக்கம். காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் அப்போது ரேடியோ செட்டு வரும். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, கீழே கயிற்றுக் கட்டிலில் செட்டுக்காரர் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் என் தம்பி. அவன் என்னைவிடச் சின்னவன், ஆனால் அவனுக்கு அங்கே இடம் உண்டு. அடுத்துப் போட வேண்டிய ரெக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருப்பான். ஒரு கல்யாணத்தில் நானும் கிட்டே போய் அந்த முள்ளை ஒரு விரலால் தொடப் பார்த்தேன்.

"ஏ புள்ள, எட்டப் போ! பொம்பளப் புள்ள கை பட்டா முள்ளு ஒடைஞ்சிடும்" என்றார் செட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

அதை ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு கல்யாணமாகி விருத்தாசலம் வந்தேன். செராமிக் வேலைக்குப் போனேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் பிசிறு நிற்கும். அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவதுதான் என் வேலை. சுடாத பச்சை மண், மூச்சு விட்டால் உடையும். அதில் கிருஷ்ணர் பொம்மையின் புல்லாங்குழல் விரல்களுக்கு இடையே புகுந்து பிசிறு எடுத்த கை இது. இந்தக் கை பட்டு ஒரு முள் உடையுமா? அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு பெட்டி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தம்பி வந்து பார்த்தான். அவனும் இதே ஊரில், அடுத்த தெருவில்தான் இருக்கிறான்.

"அக்கா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் பொட்டி? போன்ல தட்டுனா எல்லாப் பாட்டும் வருது."

"போன்ல வர்றது தானா வருது. இதுல நான் போடணும்."

"போட்டு?"

"கேக்கணும்."

தலையில் அடித்துக்கொண்டு போனான்.

ஜங்ஷன் ரோட்டில் டி.வி. ரிப்பேர் செய்கிறவரிடம் எடுத்துப் போனேன். உப்பிப்போன கண்டன்சரையும் பழைய ஒயரையும் அவர் மாற்றினார். முள்ளுக்கு போனில் ஆர்டர் போட்டு வரவழைத்தார். அது இரண்டு பக்கமும் உள்ள முள். ஒரு பக்கம் பழைய தடி ரெக்கார்டுக்கு, திருப்பினால் மெல்லிசு ரெக்கார்டுக்கு. ஒரு ரெக்கார்டைப் போட்டுக் காட்டினார். பாட்டு வந்தது. ஆனால் தூக்கக் கலக்கத்தில் பாடுகிற மாதிரி இழுத்தது.

"பாருங்கம்மா, இழுக்குது" என்று தட்டைத் தூக்கி உள்ளே காட்டினார். மோட்டார் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் தட்டின் உள் விளிம்பில் உரசித் தட்டைச் சுற்றுகிறது. ரப்பர் காய்ந்து கண்ணாடி போல மின்னியது. பிடிப்பு இல்லை, வழுக்கியது. "புதுசு கெடைக்காது. இதையே லேசா சொரசொரப்பாக்கணும். ஒரு பக்கம் கூடத் தேஞ்சிட்டா பாட்டு குதிக்கும். உக்காந்து செய்யற வேலை. எனக்கு ஆளுங்க நிக்கறாங்க."

"குடுங்க, நான் செய்றேன்" என்றேன்.

சக்கரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, பொம்மைக்குத் தேய்க்கும் நைசான உப்புத்தாளால் சுற்றிச் சுற்றி நீவினேன். தேய்ப்பதும் துடைப்பதும், விரலால் தடவி மேடு பள்ளம் பார்ப்பதும் கை தானாகச் செய்தது. தட்டு நிற்கும் தண்டில் மெழுகாகிப்போயிருந்த பழைய கிரீஸைக் கொண்டை ஊசியால் எடுத்தேன். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். தட்டு சுற்றியது. ஒரு ரெக்கார்டை வைத்து முள்ளை இறக்கினேன்.

உடையவில்லை.

அது ஒரு நாயன ரெக்கார்டு. லேபிள் அழிந்துவிட்டது, வாசித்தவர் யார் என்று தெரியாது. பாதிக்கு மேல் கடுகு வெடிக்கிற சத்தம்தான். அழுக்கு என்று நினைத்து அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். பிறகு, மண் சாமானை எப்படிக் காய வைப்போமோ அப்படியே காய வைத்தேன். நேரே வெயிலில் வைத்தால் பச்சைப் பொம்மை வெடித்துவிடும். முதலில் நிழலில் ஆற வேண்டும், ஈரம் இழுத்த பிறகுதான் வெயில். நானும் ரெக்கார்டை நிழலில் ஆற வைத்து, பிறகு பலகையோடு தூக்கி மாடியில் வெயிலில் வைத்துவிட்டு வந்தேன். முறைப்படிதான் செய்தேன். போய்ப் பார்த்தால் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சுடாத பொம்மை கோணிப்போனால் மறுபடி கரைத்து அச்சில் ஊற்றுவோம். சுட்ட பிறகு கோணினால் குப்பைமேட்டில் எறிவோம். இது இரண்டிலும் சேராது. வெயிலில் இளகியது வெயிலில்தானே நிமிர வேண்டும் என்று தோன்றியது. பழைய வேலையிடத்துக்குப் போய், சூளைக்குள் சாமான் அடுக்குவதற்கு வைக்கிற தட்டைக் கல் இரண்டு கேட்டேன். மூலை உடைந்து ஒதுக்கிப் போட்டவை கிடந்தன.

"என்னாம்மா, தோசை சுடப் போறீங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"அப்பளம் நிமித்தப் போறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கீழே ஒரு கல், அதன்மேல் வழவழ காலண்டர் தாள், ரெக்கார்டு, மறுபடி தாள், மேலே ஒரு கல். மாடியில் வைத்தேன். சாயங்காலம் நிழலுக்கு நகர்த்தினேன், திறக்கவில்லை. சூடு ஆறாமல் சூளையைத் திறக்கக் கூடாது என்பது எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்ன சங்கதி. காலையில்தான் கல்லை எடுத்தேன். நிமிர்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன அலை மட்டும் நின்றுவிட்டது. முள் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வேகத்தடையில் பஸ் ஏறி இறங்குவது போல ஏறி இறங்கியது. ஆனால் நாயனம் நிற்கவில்லை. கடுகுச் சத்தமும் குறைந்திருந்தது.

அதற்குப் பிறகு தினமும் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு இல்லை, திறந்து வைத்துக்கொண்டு.

தம்பி மகளை ஸ்ரீமுஷ்ணத்தில் கொடுத்திருக்கிறது. மாசமாக இருந்தவள் அம்மா வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்கும் வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். அந்த நாயனத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"அத்த, பக்கத்து ரூம்ல உக்காந்து வாசிக்கற மாதிரியே இருக்குது. எனக்கு வளைகாப்புக்கு இதான் வேணும். அப்பா கிட்ட சொல்லிட்டேன்."

வளைகாப்பு தம்பி வீட்டிலேயே, வாசலில் பந்தல் போட்டு நடப்பதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் தம்பி மனைவி வந்தாள். சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. சம்பந்தி வூட்டு ஜனம் எல்லாம் சகுனம் பாக்கறவங்க. வளையல் போட்டு முடியற மட்டும் நீங்க பின்னால, சாதம் கெளறுற எடத்துல இருந்துக்குங்க. பொட்டிய மட்டும் குடுங்க. இவரு போட்டுக்குவாரு."

என் வீட்டுக்காரர் தவறிப் போனதிலிருந்து எந்த விசேஷத்திலும் எனக்குப் பின்கட்டுதான். புளிசாதத்துக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, முன்னால் நடப்பதைச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வேன். யாரையும் எதிர்த்துக் கேட்டதில்லை. கேட்க எனக்கு வராது. ஆனால் என் பெட்டி முன்னால் போகலாம், நான் போகக் கூடாது என்றதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் தேய்த்த சக்கரம், நான் நிமிர்த்திய ரெக்கார்டு. அதில் முள்ளை வைப்பது மட்டும் மறுபடியும் என் தம்பியா?

"பொட்டிய எடுத்துட்டுப் போவட்டும்" என்றேன். அவள் முகம் தெளிந்து போனாள்.

அவள் போனதும் பாட்டுக் கையிலிருந்து முள்ளை உருவினேன். சுலபமாக வந்துவிடும் அது. அலமாரியில் என் குங்குமச் சிமிழ் காலியாகக் கிடந்தது. பஞ்சு வைத்து, அதற்குள் முள்ளைப் போட்டு மூடி, இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காலையில் தம்பி பெட்டியைத் தூக்கிப் போனான். நான் பின்வாசல் வழியாகப் போய்ச் சாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓடி வந்தான். வேர்த்திருந்தது.

"அக்கா, தட்டு சுத்துது, பாட்டு வரல."

"முள்ளு இல்லாம எப்பிடி வரும்?"

"முள்ளு எங்க?"

"எங்கிட்ட."

"குடு."

"குடுக்கறதுக்கு இல்ல. நான் வந்து போடறேன்."

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. குரலைத் தாழ்த்தினான். "அக்கா, கூட்டத்துல மானத்த வாங்காத. எல்லாரும் வந்துட்டாங்க."

"அதனாலதான் வரேன்."

"அப்ப நான் ஸ்பீக்கர்லயே ஏதாவது போட்டுக்கறேன் போ."

"போட்டுக்க. நாயனம் எங்கன்னு உம் பொண்ணு கேட்டா நீயே சொல்லிக்க."

நான் எழுந்தேன். பின்கட்டிலிருந்து நடுவீடு தாண்டி வாசலுக்கு வரும் வழி எனக்குத் தெரிந்த வழிதான், ஆனால் அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பந்தலில் தம்பி மகள் மணையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பட்டுப்புடவைகள். எல்லாக் கண்ணும் என் வெறும் நெற்றியில் இருப்பது போல இருந்தது.

சம்பந்தி வீட்டுப் பெரியம்மா ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். "இந்தம்மா எதுக்கு முன்னால வருது?"

"பாட்டு போட" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

பெட்டி மணைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் இருந்தது. நாற்காலி ஒன்றை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இடுப்பிலிருந்து சிமிழை எடுத்தபோது கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, நான் குங்குமத்தை எடுக்கப் போகிறேன் என்று நினைத்தார்கள் போல. முள்ளை எடுத்து மாட்டினேன். தடி ரெக்கார்டுக்கான பக்கத்தைத் திருப்பினேன். இறக்கினேன். நாயனம் எடுத்தவுடன் தம்பி மகள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

தம்பி மனைவி காதோரம் வந்தாள். "பாட்டு ஆரம்பிச்சிடுச்சில்ல, எழுந்து வாங்க அண்ணி."

"தடி ரெக்கார்டும்மா. சீக்கிரம் முடிஞ்சிடும். நான் திருப்பணும்."

அது உண்மை. நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. இரண்டு மூன்று பெண்கள் வளையல் அடுக்கிச் சந்தனம் பூசுவதற்குள் ஒரு பக்கம் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் பந்தல் காலியான மாதிரி ஆகிவிடும். கையில் வளையலோடு ஒருத்தி அப்படியே நின்றாள். கேள்வி கேட்ட அந்தப் பெரியம்மாதான் கழுத்தை நீட்டினாள்.

"என்னாம்மா நின்னு போச்சு? போடுங்க, போடுங்க, கொழந்த கேக்கட்டும்."

திருப்பினேன். முடிந்தது. அடுத்ததைப் போட்டேன். முடிந்தது. கடைசி வளையல் ஏறுகிற வரைக்கும் யாராலும் என்னை எழுப்ப முடியவில்லை. எனக்கு யாரும் வளையல் தட்டை நீட்டவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு இருக்கிறது.

நடுவில் தம்பி பக்கத்தில் வந்து நின்றான். மிச்ச ரெக்கார்டுகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான், அந்தக் கயிற்றுக் கட்டில் நாளில் போலவே.

"அக்கா, அடுத்தது நான் வைக்கட்டா?"

"எட்ட உக்காருடா. கை பட்டா முள்ளு ஒடைஞ்சிடும்."

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ரெக்கார்டாக எடுத்து என் கையில் கொடுத்தான்.

இப்போது சொந்தத்தில் விசேஷம் வந்தால் பெட்டியைக் கேட்கிறார்கள். தம்பிதான் வாங்கிக் கொடுத்தான் என்று அவனும் இரண்டு இடத்தில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கேட்க வருகிறவர்களிடம் நான் இல்லை என்று சொல்வதில்லை. "தரேன். முன்னால எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க" என்கிறேன். சிலர் சரி என்கிறார்கள். சிலர் ஸ்பீக்கர் செட்டு வைத்துக்கொள்கிறார்கள். சிமிழ் என் இடுப்பிலேயே இருக்கிறது.