இடது பக்கம் உங்க பக்கம்க்கா

மொட்டைமாடியில் நத்தம் புளியைக் காயப்போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் கடையிலிருந்து போன் செய்தார். "டீச்சரம்மா மதுரை ஆஸ்பத்திரியிலயே தவறிட்டாங்களாம்" என்றார். வாய் தன்னால் 'இன்னா லில்லாஹி' ஓதியது. கை மட்டும் கொட்டைகளைத் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தது. டீச்சருக்காக ஒதுக்கிப் பழகிய கை.

வசந்தி டீச்சர் எங்கள் மாடி வீட்டில் குடியிருந்தவர். சின்னாளப்பட்டிக்காரர், என்னைவிடச் சின்னவர். அவரிடம் ஒன்பதாவது, பத்தாவது படித்த பிள்ளைகளே, உங்களுக்கு அந்த அல்ஜீப்ரா நோட்டு மறந்திருக்காது. பக்கத்துக்குப் பக்கம் திறந்து மூடும் காகிதக் கதவுகள். பின்னட்டையில் ஒட்டிய பை. பைக்குள் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகள். கறுப்பு மேலே இருந்தால் கூட்டல், வெள்ளை மேலே இருந்தால் கழித்தல். ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தால் பூச்சியம், இரண்டையும் எடுத்துவிடலாம். அந்தக் கொட்டையெல்லாம் எங்கள் வீட்டுப் புளியில் வந்தது.

முதல் வருடம் நான் அவசரத்தில் சரியாகக் கழுவாமல் கொடுத்துவிட்டேன். மறுநாள் வகுப்பு முழுக்க எறும்பு. நான் பயந்துபோய்ப் படிக்கட்டிலேயே காத்திருந்தேன். டீச்சர் செருப்பைக் கழற்றியபடி சொன்னார்: "எறும்பு வரிசையா வந்துச்சுக்கா. நம்ம பிள்ளைகளவிட ஒழுங்கு." பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அத்தனை கொட்டையையும் கழுவினோம்.

காகிதம் வெட்ட, பசை தடவ என்று போய் உட்கார்ந்தவள்தான் நான். ஒன்பதாவதோடு நிக்காஹ் ஆகிவிட்டது. பிறகு படித்ததெல்லாம் கையில் கிடைத்ததை நானாகப் படித்தது. வீட்டுக் கணக்கு மட்டும் விடாமல் எழுதுவேன். எதற்குப் போனதென்று பிடிபடாத செலவை 'என்னமோ' என்று குறித்துவைத்து, மீதியை வைத்துக் கண்டுபிடிப்பேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு டீச்சர் சிரித்தார்.

"இம்புட்டு வருசமா எக்ஸ் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. பத்தாவது எழுதிருங்கக்கா."

கேலி என்று நினைத்தேன். மறுநாள் தனித்தேர்வுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று விசாரித்துக்கொண்டு வந்து நின்றார். இந்த வயதிலா என்று என் வீட்டுக்காரர் இழுத்ததற்கு, அண்ணனுக்கும் ஒரு நோட்டு ஒட்டித் தரட்டுமா என்று கேட்டார்.

சமக்குறியைத் தாண்டினால் குறி மாறும் என்று மனப்பாடம் செய்ய டீச்சர் விடமாட்டார். தாளின் நடுவே கோடு போட்டு இரு பக்கமும் கொட்டையைப் பரப்புவார். "இங்க ஒண்ணு எடுத்தா அங்கயும் ஒண்ணு எடுக்கணும். ஓரவஞ்சனை கூடாது. அம்புட்டுத்தேன்." குர்ஆனில் தராசைப் பற்றி ஓதும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்தக் கோடுதான் கண்ணில் வருகிறது.

நோட்டின் வலது பக்கம் அவருடைய பாடம். இடது பக்கத்தில் நமக்குப் புரிந்ததை நம் சொல்லில் போட்டுப் பார்க்க வேண்டும். நான் எழுதிவிட்டு, சரியா என்று நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இடது பக்கம் உங்க பக்கம்க்கா. நான் தொடமாட்டேன்." தப்பை அழிக்க ரப்பரை எடுத்தாலும் விடமாட்டார். "அழிக்காதீங்க. மேல ஒரு தாள் ஒட்டி மூடுங்க. எங்க வழுக்குச்சுன்னு பிறகு தெறந்து பாக்க வேணாமா?"

மதுரைக்கு ஆபரேஷனுக்குக் கிளம்பும் முன், இருபடிச் சமன்பாட்டுக்கான வலது பக்கத்தை ஒட்டிக் கொடுத்தார். வருவதற்குள் எழுதி வையுங்கள் என்றார். நான் எழுதவில்லை. அவர் வந்தபின், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது எழுதலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காகக் கையேந்தினேன். மாலை அஸர் தொழுகை முடிந்து பாயைச் சுருட்டும் நேரம் அவர் பள்ளியிலிருந்து வரும் நேரம். இன்னும் என் காது படிக்கட்டில்தான் இருக்கிறது.

பரீட்சை நெருங்கிவிட்டது. அந்த இடது பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. நேற்று கொட்டைகளை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாதிக் கணக்கில் குறி மாறிவிட்டது. நானே கண்டுபிடித்தேன். அழிக்கவில்லை. ஒரு தாளை வெட்டி ஓரத்தில் மட்டும் பசை தடவி மூடி, அதன்மேல் மறுபடி போட்டேன். விடை வந்தது. காட்டத்தான் ஆளில்லை.

டீச்சர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது, திறந்து பார்க்கலாம் என்று மூடி வைத்திருக்கும் அந்தத் தப்புதான்.