துண்டுத் துணி கவுன்

போன வாரம் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ரெடிமேட் ஷோரூமுக்குப் போயிருந்தேன். ஏ.சி. சும்மா வருகிறதே என்று கோடையில் நான் இப்படி ஷோரூம் ஷோரூமாகச் சுற்றுவது உண்டுதான். ஆனால் அன்றைக்கு நிஜமாகவே வேலை இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள்.

உள்ளே போனதும் ஒரு கவுன் கண்ணில் பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள், தனியாக ஒரு லைட் போட்டு மாட்டி வைத்திருந்தார்கள். கை ஒரு நிறம், மார்பு ஒரு நிறம். கீழே பூப்போட்டது, கோடு போட்டது, புள்ளி வைத்தது என்று சதுரம் சதுரமாக ஒட்டுத் துணி.

"பேட்ச் ஒர்க் மேடம். இப்போ இதான் லேட்டஸ்ட்" என்றாள் அங்கே நின்றிருந்த பெண்.

விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்த வேகத்தில் மறுபடி திருப்பி வைத்தேன். ஒரு காலத்தில் அந்தக் காசில் எங்கள் வீட்டில் ஒரு மாதம் அடுப்பு எரிந்திருக்கிறது. எனக்கு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்... அடக்கவே முடியவில்லை. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளிடம் விளக்க நேரமில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. அதுவும் அண்ணன் பேச்சை மீறி! அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் எல்லாம். ஆவடியில் மத்திய அரசு ஃபேக்டரி வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன் என்று ஸ்திரமான மனிதர். நான் கட்டிக்கொண்டதோ அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறவரை. உள்ளூர்க்காரர். வாயைத் திறந்தால் 'இன்னா', 'கீது' என்றுதான் வரும். அண்ணனுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

"போ. ஆனா ஒண்ணு எழுதி வெச்சுக்கோ. ரெண்டே வருஷத்துல கைய நீட்டிக்கிட்டு என் வாசல்ல வந்து நிப்பே."

கிளம்பும்போது அண்ணன் சொன்ன கடைசி வார்த்தை இது. சீர்வரிசையில் எனக்குக் கிடைத்ததும் இது ஒன்றுதான்.

மகள் ரேவதி பிறந்தாள். அண்ணன் வந்து பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் சேகருக்கு வாரக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். மாதச் சம்பளக்காரர்களுக்கு மாதக் கடைசி என்று ஒன்று வருமே, அது எங்களுக்கு வாரா வாரம் வரும். வியாழக்கிழமையே டப்பாக்கள் காலியாகி ஓசை எழுப்ப ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கிழமை நான் விரதம். எங்கள் லைன் வீடுகளில் எனக்கு 'பக்தி ஜாஸ்தி' என்று நல்ல பெயர். சனிக்கிழமை கூலி வருகிறவர்களின் பெண்டாட்டிகள் எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை பக்தி வரும் என்பது சாமிக்கு மட்டும் தெரியும்.

டி.வி.யில் வருஷா வருஷம் பட்ஜெட் வாசிக்கிறார்களே, பற்றாக்குறை என்றால் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று... எனக்கு அந்த வசதி இல்லை. கடன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அண்ணன் வாசல். அதனால் என் பட்ஜெட்டில் ஒரே ஒரு சட்டம்தான். குழந்தையின் பால் காசு முதலில். மற்றதெல்லாம் மிச்சத்தில். அரிசி குறைந்தால் நொய்க் கஞ்சி. மண்ணெண்ணெய்க்குப் பதில் மரத்தூள் அடுப்பு. மர டிப்போவில் தூளை மூட்டையாக வாங்கி வந்து, நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் இடித்து இறுக்கி, பாட்டிலை உருவி எடுக்க வேண்டும். சரியாக இடித்தால் சமையல் முடியும்வரை நின்று எரியும். சரியாக இடிக்காவிட்டால் கண் எரியும்.

பால், அரிசி, அடுப்பு எல்லாவற்றையும் சமாளித்தேன். துணிதான் உதைத்தது. குழந்தைகளுக்குத் துணி வாங்கியவர்களுக்குத் தெரியும். அது போடுவதற்குள் சின்னதாகிவிடும்.

ஒருநாள் சேகர் வேலை விட்டு வந்தார். பேன்ட் பாக்கெட்டில் கை துடைக்கிற துணி தொங்கிக்கொண்டிருந்தது. துவைக்கலாம் என்று உருவினேன். ஒரு மூலையில் கிரீஸ். மற்றபடி அத்தனையும் புத்தம் புதுத் துணி. மஞ்சளில் குட்டிக் குட்டி நீலப்பூ.

"இன்னாமே, துணியையே மொறைச்சுகினு கீறே?"

"இதுலயா கை துடைக்கிறீங்க?"

"வேஸ்ட்மே அது. எக்ஸ்போர்ட் கம்பெனில வெட்டிப் போட்டது. எடைக்கு வாங்கியாந்து மிசினு தொடைப்போம். மூட்டையா கீது அங்க."

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு வெட்டியதன் மிச்சம் மூட்டையாகக் கிடக்கிறது. என் குழந்தை சாயம் போன ஜபலாவில் கிடக்கிறாள். இது எந்த ஊர் நியாயம்?

அதற்காக இனாமாக வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கை நீட்டுவது என்றாலே அண்ணன் குரல் காதில் கேட்கும். யோசித்தேன். எங்கள் லைனில் யார் வீட்டில் கிழிந்த லுங்கி இல்லை? நைந்த புடவை இல்லை? எல்லோரிடமும் கேட்டு வாங்கி, துவைத்துக் காயவைத்து, மூட்டை கட்டிக்கொண்டு இடுப்பில் குழந்தையோடு ஒர்க்‌ஷாப் ஓனர் முன்னால் போய் நின்றேன்.

"எடைக்கு எடை மாத்திக்கிறேங்க. பழைய காட்டன் உங்க மிசினுக்கு. புதுத் துண்டு என் பொண்ணுக்கு."

ஓனர் ஒரு லுங்கித் துண்டை எடுத்து மேஜையில் சிந்தியிருந்த எண்ணெயைத் துடைத்துப் பார்த்தார். பழைய காட்டன் அப்படியே உறிஞ்சியது. "இது அதைவிட நல்லா கீதேம்மா" என்றார். தராசு வந்தது. எங்கள் ஒப்பந்தம் அன்றைக்கே அமலுக்கு வந்தது.

துணி வந்தாயிற்று. மிஷின்? அடுத்த வீட்டு மேரி அக்காவிடம் கால் மிஷின் ஒன்று இருந்தது. அவருக்கு மூட்டு வலி, அடி பம்பில் தண்ணீர் அடிக்க முடியாது. "நீ எனக்குத் தண்ணி அடிச்சுக் குடு, மத்தியானம் மிசினு உனுக்கு" என்றார். நான் குடம் குடமாக அடித்தேன். மத்தியானங்களில் தைத்தேன். ஒரு பைசா புரளவில்லை. ஆனால் என் மகளுக்கு விதவிதமாகச் சட்டை. எங்கள் லைனில் அவளுக்கு 'ஃபாரின் பாப்பா' என்றே பெயர் வந்துவிட்டது.

அவளுக்கு ஒரு வயது முடிகிற சமயம், திருவேற்காட்டு அம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று வேண்டுதல். மொட்டைக்கு யார் மடி வேண்டுமானாலும் ஆகும். காது குத்தத் தாய்மாமன் மடிதானே வேண்டும்? புதுத் துணியும் தாய்மாமன் எடுக்க வேண்டும்.

சேகர்தான் வெற்றிலை பாக்குத் தட்டோடு ஆவடிக்குப் போனார். நான் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சொன்னாரு?" பதற்றத்தில் எனக்கே அவர் பாஷை வந்துவிட்டது.

"உள்ள கூப்டலமே. வாசல்லியே நிக்க வெச்சுட்டாரு." செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "ஆனா தட்டை வாங்கிகினாரு."

தட்டை வாங்கிவிட்டால் வருவார். ஆனால் எனக்கு இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. வந்து, எங்களைப் பார்த்து, 'ஐயோ பாவம்' என்று பாக்கெட்டில் கை விட்டால்? நோட்டை எடுத்து என் கையில் திணித்தால்? பத்துப் பேர் முன்னால் மறுக்க முடியுமா? வாங்கினால் அவர் சொன்னது பலித்ததாகிவிடும். என் இத்தனை நாள் நொய்க் கஞ்சிக்கும் விரதத்துக்கும் அர்த்தமே இல்லாமல் போகும். கூடாது. என் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் பாக்கெட் நினைவே வரக்கூடாது.

மூட்டையில் சேர்த்து வைத்திருந்த நல்ல துண்டுகளை எல்லாம் பரப்பினேன். முழுக் கவுனுக்கு எந்தத் துண்டும் போதவில்லை. சரி, சதுரம் சதுரமாக வெட்டினேன். மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம், கோட்டுக்குப் பக்கத்தில் பூ. அண்ணன் ஒருவேளை புதுத் துணி எடுத்து வராவிட்டால் இதையே போடுவது, எடுத்து வந்தால் பையிலேயே இருக்கட்டும் என்பது ஏற்பாடு. கல்யாணத்துக்கு முன் நான் போட்டிருந்த குட்டி மோதிரத்தை உருக்கிக் கம்மல் தயார். சாப்பாட்டுக்கு மரத்தூள் அடுப்பில் புளிசாதமும் தயிர்சாதமும் கிளறித் தூக்கில் அடைத்தேன்.

அண்ணன் வந்தார். அண்ணியும் கையில் மகளோடு வந்தார். அண்ணன் என்னிடம் "ம்" என்றார். சேகர் பக்கம் திரும்பவே இல்லை.

மொட்டை முடிந்தது. ரேவதியைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசிக் கொண்டுவந்தேன். அண்ணி ஒரு டப்பாவைத் திறந்து ரோஸ் கலர் கவுனை எடுத்தார். சரிகை, லேஸ் எல்லாம் வைத்தது. தலை வழியாகப் போட்டோம். தலை நுழைந்தது. கை நுழையவில்லை. அமுக்கிப் பார்த்தார் அண்ணி. ரேவதி கோயிலே அதிரும்படி கத்தினாள். எப்படியோ ஒரு கையை நுழைத்ததும் அக்குளில் 'டர்' என்று ஒரு சத்தம்.

"ஒரு வயசுக்கு இது சரியா இருக்கணுமே..." என்று இழுத்தார் அண்ணி. பிறகு உண்மையைச் சொல்லிவிட்டார். "இல்ல... உங்க அண்ணன்தான், அந்த வீட்டுல குழந்தை நோஞ்சானாத்தான் இருக்கும், ஆறு மாச சைஸே போதும்னு சொன்னாரு."

அண்ணன் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் நெஞ்சு அப்படியே விம்மிவிட்டது. அவமானத்தில் இல்லை, சந்தோஷத்தில். என் பெண்ணின் புஷ்டியான கை, அண்ணனின் கணக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. பால் காசு முதலில் என்ற சட்டத்துக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

பையைத் திறந்து என் கவுனை எடுத்துப் போட்டேன். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. மொட்டைத் தலை, சந்தனம், சதுரம் சதுரமாகக் கவுன். அவள் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் வயிற்றில் இருந்த பூவைக் கிள்ளப் பார்த்தாள்.

"ஏய், இது எங்க வாங்கினே? தி.நகரா?" அண்ணி துணியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எஸ்டேட்ல அண்ணி" என்றேன். பொய் இல்லையே? பின்னால் சேகருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அண்ணன் மடியில் ரேவதியை வைத்தேன். பத்தர் ஊசியை எடுத்தார். குத்தியதும் அவள் மாமனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். அண்ணன் அவளை அணைத்து முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவர் கை பாக்கெட் பக்கம் போகவே இல்லை.

"நல்ல கனமா இருக்கா" என்றார் கடைசியில். பிறகு சேகர் பக்கம் திரும்பினார். "மாப்ளே, சாப்பாடு எங்க வெச்சிருக்கீங்க?"

அதுவரை அண்ணன் வாயில் 'அந்த ஆளு'வாக இருந்தவர் அன்றைக்கு மாப்பிள்ளை ஆனார். புளிசாதத்தை அண்ணன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கதை இங்கே முடியவில்லை. அண்ணி என்னை நச்சரித்து ரகசியத்தைக் கறந்துவிட்டார். நான் தைத்தது என்று தெரிந்ததும் தீபாவளிக்குத் தன் மகளுக்கு அதே மாதிரி வேண்டுமாம். எஸ்டேட் துண்டு எல்லாம் வேண்டாம், கௌரவக் குறைச்சல்! ஆவடி மார்க்கெட்டில் நாலு விதமான முழுத்துணி எடுத்து அனுப்பினார், துண்டு துண்டாக வெட்டி ஒட்டித் தரச் சொல்லி. இல்லாதவள் துண்டை ஒட்டி முழுசாக்குவாள். இருப்பவள் முழுசை வெட்டித் துண்டாக்குவாள். இதற்குத்தான் ஃபேஷன் என்று பெயர் போலிருக்கிறது. அந்த ஷோரூம் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு அண்ணி ஞாபகம்தான் வந்தது.

அண்ணியைப் பார்த்துக் குவார்ட்டர்ஸில் இன்னும் சிலர் கேட்டார்கள்; கூலிக்குத் தைத்துக் கொடுத்தேன். பிறகு மேரி அக்காவின் மிஷினுக்குத் தண்ணீரோடு வாடகையும் கொடுக்க முடிந்தது. வெள்ளிக்கிழமை விரதம் மெல்ல நின்றது. லைனில் எனக்கு பக்தி குறைந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், அந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் அண்ணனே நேரில் வந்தார், மகளின் கவுனை வாங்கிப்போக. உள்ளே கூப்பிட்டேன். "இல்லம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வாசலிலேயே நின்று கையை நீட்டினார்.

என் வாசல். நீட்டிய அண்ணன் கை. ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு கவுனைக் கொடுத்தேன். தையல் கூலியை முழுசாக வாங்கிக்கொண்டேன்.